புல்லு மேல இவ்வளவு பாசமா?

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. பழைய வழக்குகளைத் தேடிப் படிக்கிற கிறுக்கு மட்டும் உண்டு. பதிவு கொஞ்சம் நீளம், டீயோ காபியோ எடுத்து வெச்சுக்கிட்டு உட்காருங்க.

2003 பிப்ரவரி 15-ஆம் தேதி ஈராக் போருக்கு எதிராக லண்டனில் ஒரு பேரணி நடந்தது. போலீஸ் கணக்குப்படியே ஏழரை லட்சம் பேர். நடத்தினவங்க கணக்கு இன்னும் பெரிசு. பேரணி ஹைட் பார்க்கில் போய் முடியணும்னு திட்டம். ஆனா அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் ஹைட் பார்க்கைத் தரமுடியாதுன்னு அரசாங்கம் சொல்லிக்கிட்டிருந்தது. அப்போ கலாச்சாரத் துறை அமைச்சர் டெஸ்ஸா ஜோவெல். காரணம் என்ன தெரியுமா? குளிர்காலத்து ஈரத் தரையில் இத்தனை பேர் மிதித்தால் புல் நாசமாகிடுமாம். இருட்டினதும் யாராவது தடுக்கி விழுந்துடுவாங்களாம். எதிர்ப்பு கிளம்பினதும் அனுமதி கொடுத்துட்டாங்கன்னு வைங்க. 2005 ஜூலையில் அதே ஹைட் பார்க்கில் லைவ் 8 இசை நிகழ்ச்சி நடந்தப்போ, புல் பத்தி யாரும் அப்படி வாய் திறக்கலை.

இது ஏதோ லண்டன்காரங்க குசும்புன்னு விட்டுடலாம். ஆனா அடுத்த வருஷமே நியூயார்க்கில் இதே கதை. 2004 ஆகஸ்டில் குடியரசுக் கட்சியின் மாநாடு அங்கே நடக்க இருந்தது. போர் எதிர்ப்பு அமைப்புகள் இரண்டரை லட்சம் பேர் கூட, சென்ட்ரல் பார்க்கில் இருக்கிற கிரேட் லான் என்ற பெரிய புல்வெளியைக் கேட்டன. நகராட்சி முடியாதுன்னுடுச்சு. காரணம், அதேதான். புல்! அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 2003 செப்டம்பரில், டேவ் மேத்யூஸ் பேண்டின் பிரம்மாண்டமான கச்சேரி அதே புல்வெளியில்தான் நடந்தது. பாட்டுக் கேட்க வந்த செருப்பு மிதித்தால் புல் வளரும், கோஷம் போட வந்த செருப்பு மிதித்தால் வாடிடும் போல :-)

பூங்காக்களில் போடுகிற சட்டங்களின் வரலாற்றைக் கொஞ்சம் நோண்டிப் பார்த்தால் இந்தப் புல் திரும்பத் திரும்ப வருது. புல், பூச்செடி, அழகு, அமைதி இதெல்லாம் எழுத்தில் இருக்கும். யாரை உள்ளே விடக்கூடாது என்பது எழுத்தில் இருக்காது. என் கட்சி என்னன்னா, இந்தச் சட்டங்களை எழுதினவங்க, பூங்காவுக்கு அரசாங்கம் வீட்டுக்காரரா இல்லை அறங்காவலரா என்ற ஒரே கேள்வியைத்தான் முந்நூறு வருஷமா சுத்தி வந்துக்கிட்டு இருக்காங்க. வசதிப்பட்டப்போ வீட்டுக்காரர். கோர்ட்டு குட்டினால் அறங்காவலர்.

ஆரம்பத்தில் பார்க் என்றாலே வேலி போட்டு மான் வளர்க்கிற இடம். ஹைட் பார்க்கே அப்படித்தான். எட்டாம் ஹென்றி 1536-இல் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துக்காரர்களிடமிருந்து பிடுங்கி வேட்டைக்காடு ஆக்கினார். சார்லஸ் 1637-இல்தான் பொதுமக்களை உள்ளே விட்டார். விட்டார்னா, ராஜா தன் தோட்டத்தைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான். உரிமை இல்லை, பெரிய மனசு.

அந்தக் காலத்து மான் பூங்காக்களுக்கு இருந்த சட்டங்களோ பயங்கரம். 1723-இல் இங்கிலாந்தில் கறுப்புச் சட்டம்னு ஒண்ணு வந்தது. முகத்தில் கரி பூசிக்கிட்டு ராத்திரியில் மான் திருடப் போறவங்களுக்கு எதிராக வந்த சட்டம். மானைத் திருடுவதில் தொடங்கி மரத்தை வெட்டுவது, மீன்குளத்துக் கரையை உடைப்பது வரைக்கும் சுமார் ஐம்பது குற்றங்களுக்குத் தூக்கு! ஒரு நூறு வருஷம் இது அமலில் இருந்தது. ஈ.பி. தாம்ப்சன் என்ற வரலாற்றாசிரியர் இதைப் பத்தி 1975-இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கார். விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் ஊர்க்காரங்களுக்கு இருந்த பழைய வழக்கங்கள் எப்படிக் குற்றமாச்சுன்னு அதில் தெரியும்.

அப்புறம் தொழிற்சாலைகள் வந்தன, நகரங்கள் நெரிசலாச்சு, மேய்ச்சல் நிலங்களுக்கெல்லாம் வேலி போட்டாச்சு. ஏழைகளுக்குக் கால் நீட்ட இடமில்லை. 1833-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒண்ணு, தொழிலாளிகளுக்கு நடைபாதைகளும் பூங்காக்களும் வேணும்னு பரிந்துரை செய்தது. நல்ல விஷயம்தான். ஆனா உள்நோக்கம் ஒண்ணும் இருந்தது. சாராயக்கடைக்குப் போறவன் பெண்டாட்டி பிள்ளைகளோட பூங்காவுக்கு வந்தால், நல்லா உடுத்தின பெரிய மனுஷங்களைப் பார்த்து ஒழுங்காவான் என்ற எண்ணம். அதாவது பூங்கா ஒரு பள்ளிக்கூடம், மக்கள் மாணவர்கள், காவலாளி வாத்தியார். இந்த வாத்தியார் நினைப்பு இன்னைக்கும் போகலை.

சரி, ஹைட் பார்க்குக்கு வருவோம். என்னைக் கேட்டால் இந்த வரலாற்றின் கிளைமாக்ஸே அங்கதான்.

1866-இல் பிரிட்டனில் பெரும்பாலான தொழிலாளிகளுக்கு ஓட்டு கிடையாது. சீர்திருத்த லீக் என்ற அமைப்பு ஜூலை 23-ஆம் தேதி ஹைட் பார்க்கில் கூட்டம் அறிவித்தது. உள்துறை அமைச்சர் ஸ்பென்சர் வால்போல் தடை போட்டார். போலீஸ் கமிஷனர் ரிச்சர்ட் மேயன் வாயிற்கதவுகளைப் பூட்டி ஆட்களை நிறுத்தினார். லீக்கின் தலைவர் எட்மண்ட் பீல்ஸ், அவரே ஒரு வக்கீல், ஊர்வலத்தோட மார்பிள் ஆர்ச் வாசலுக்கு வந்து உள்ளே விடச் சொல்லிக் கேட்டார். மாட்டேன்னாங்க. அவர் அமைதியா ஒரு பகுதிக் கூட்டத்தைக் கூட்டிக்கிட்டு டிரஃபால்கர் சதுக்கத்துக்குப் போயிட்டார். மிச்சம் நின்ன கூட்டம் பூங்காவைச் சுத்தியிருந்த இரும்புக் கம்பி வேலியைப் பிடிச்சு ஆட்டினது. வேலி ஆடினது. இன்னும் ஆட்டினாங்க, விழுந்துடுச்சு! மக்கள் உள்ளே புகுந்துட்டாங்க. கல்வீச்சில் மேயனுக்கே அடி. ராணுவத்தைக் கூப்பிட்டாங்க. ஒரு மரம் எரிந்தது. எரிந்து நின்ன அந்த மரத்தடிதான் பிறகு கூட்டம் போடுகிற இடமாச்சு, சீர்திருத்தவாதிகளின் மரம்னு பேர். இப்போ அந்த இடத்தில் தரையில் கூழாங்கல் பதித்து மரத்தின் வடிவம் வெச்சிருக்காங்க.

அதோட முடியலை. மறு வருஷம் மே 6-ஆம் தேதி மறுபடியும் கூட்டம்னு லீக் அறிவித்தது. அரசு மறுபடியும் தடை. ஆனா இதுக்கு நடுவில் அரசு தன்னோட வக்கீல்களைக் கேட்டிருந்தது: ஐயா, எந்தச் சட்டத்தின் கீழ் இவங்களைத் தடுக்கிறது? வந்த பதில் அரசின் வயிற்றில் புளியைக் கரைத்தது. பூங்கா மேல ராஜாங்கத்துக்கு இருப்பது ஒரு நிலச் சொந்தக்காரனின் உரிமைதான். வாசலைப் பூட்டலாம். உள்ளே வந்தவனை அத்துமீறி நுழைந்தவன்னு சொல்லி ஒவ்வொருத்தரா வெளியே அனுப்பலாம். அமைதியா நிற்கிற ஒரு கூட்டத்தை மொத்தமா அடித்துக் கலைக்கிற அதிகாரம் கிடையாது. லட்சம் பேரை ஒவ்வொருத்தரா எப்படி அனுப்புறது? அன்னைக்குப் பெருங்கூட்டம் கூடியது. போலீசும் பட்டாளமும் வேடிக்கை பார்த்தன. கூட்டம் பேசி முடித்து வீட்டுக்குப் போயிடுச்சு. வால்போல் ராஜினாமா. அதே ஆகஸ்டில் நகரத்துத் தொழிலாளிகளில் ஏராளமானவங்களுக்கு ஓட்டுரிமை தந்த சட்டமும் நிறைவேறியது.

இதுக்கப்புறம் வந்ததுதான் 1872-ஆம் வருஷப் பூங்கா ஒழுங்குமுறைச் சட்டம். ஹைட் பார்க்கின் பேச்சாளர் மூலை பத்தி எழுதுற எல்லாரும், இந்தச் சட்டம்தான் அங்கே பேச்சுரிமை கொடுத்ததுன்னு எழுதுவாங்க. எடுத்துப் படித்தால் அதில் அப்படி ஒண்ணுமில்லை! எங்கே, எப்படிக் கூட்டம் போடலாம் என்பதை விதிகள் தீர்மானிக்கும்னுதான் இருக்கு. கூடவே பூங்காக் காவலாளிக்குப் போலீஸ்காரரின் அதிகாரத்தையும் கொடுத்தது. அடுத்த வருஷமே பெய்லி என்பவர் வழக்கில், ஹைட் பார்க்கில் கூட்டம் போட மக்களுக்குத் தனியா உரிமை எதுவும் இல்லைன்னு கோர்ட்டும் சொல்லிடுச்சு. உரிமைன்னு நாம நினைச்சுக்கிட்டிருக்கிறது, வேலியைச் சாய்த்தவங்களுக்குப் பயந்து அரசாங்கம் கண்டுக்காம விட்ட ஒரு பழக்கம். எனக்கு இது ரொம்ப முக்கியமாப் படுது. தாளில் இருந்த சட்டம் வீட்டுக்காரர் பக்கம்தான் கடைசி வரை நின்னது.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி நேராகவே கோர்ட்டுக்கு வந்தது. பாஸ்டன் காமன் என்ற பழைய பொதுத்திடலில் ஒரு மதப் பிரசங்கி மேயரின் அனுமதி இல்லாமல் பேசினார்னு அபராதம் போட்டாங்க. 1895-இல் மாசசூசெட்ஸ் மாநில நீதிபதியா இருந்த ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் (பிற்காலத்தில் பேச்சுரிமைக்குப் பேர்போன அதே ஹோம்ஸ்!) என்ன சொன்னார்னா, தன் வீட்டில் பேசாதேன்னு ஒரு வீட்டுக்காரர் சொல்ற மாதிரிதான் அரசு தன் பூங்காவில் பேசாதேன்னு சொல்றதும். 1897-இல் உச்ச நீதிமன்றமும் ஆமாம் போட்டது. நாற்பது வருஷத்துக்கு மேல இதுதான் நடைமுறை. 1939-இல் ஜெர்சி சிட்டி மேயர் ஃபிராங்க் ஹேக் தொழிற்சங்கக்காரங்களைக் கூட்டம் போட விடாமல் விரட்டின வழக்கில்தான் காற்று திரும்பியது. தெருவும் பூங்காவும் யார் பேரில் பட்டா இருந்தாலும், நெடுங்காலமா மக்களின் உபயோகத்துக்காக ஒப்படைக்கப்பட்ட சொத்துன்னு நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். நம்ம பாஷையில் சொன்னால், தர்மகர்த்தா கோவிலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்க முடியாது.

ஆனா அறங்காவலர்னு சொன்னதும் எல்லாம் சரியாகிடலை. யாருக்காக அறங்காவலர்? சென்ட்ரல் பார்க்கையே எடுத்துக்குங்க. அந்த நிலத்தில் செனிகா வில்லேஜ்னு ஒரு ஊர் இருந்தது. இருநூறு பேருக்கு மேல், பெரும்பாலும் கறுப்பின மக்கள், சொந்த வீடு, சர்ச், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தது. 1857-இல் நிலத்தை எடுத்துக்கிட்டு இடிச்சுட்டாங்க. பூங்கா திறந்ததும் அதை வடிவமைத்த ஓல்ம்ஸ்டெட் தனியா ஒரு காவல்படை அமைத்தார். கும்பலா வந்து சாப்பாட்டுக்கூடையைப் பிரிக்கக் கூடாது. சின்னக் கடைக்காரர் தன் சரக்கு வண்டியில் குடும்பத்தை ஏத்திக்கிட்டு வரக்கூடாது. பையன்கள் பந்து விளையாடணும்னா ஹெட்மாஸ்டரிடம் சீட்டு வாங்கிட்டு வரணும். சாரட்டு வண்டி வெச்சிருந்தவங்களுக்கு இதில் எந்த விதியும் உறுத்தலை. ஏன்னா, அவங்க ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு கிடைக்கிற ஜெர்மன்காரரோ ஐரிஷ்காரரோ இல்லை.

தெற்கு மாநிலங்களில் இன்னும் மோசம். அலபாமா மாநிலம் மான்ட்கமெரியில் நகரப் பூங்காக்களில் இனப்பாகுபாடு கூடாதுன்னு கோர்ட்டு சொன்னதும் நகராட்சி என்ன செய்தது? 1959 தொடக்கத்திலிருந்து எல்லாப் பூங்காக்களையும் இழுத்து மூடிடுச்சு. வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கும் சேர்த்து! ஆறு வருஷம் கழித்து 1965-இல்தான் திறந்தாங்க. ஜார்ஜியாவின் மேக்கன் நகரத்தில் பேகன் என்ற செனட்டர், வெள்ளையர்களுக்கு மட்டும்னு 1911-இல் உயில் எழுதி ஒரு பூங்காவைக் கொடுத்திருந்தார். கறுப்பர்களையும் விடணும்னு 1966-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உடனே வாரிசுகள், அப்படின்னா உயிலின் நோக்கம் போச்சு, நிலத்தைத் திருப்பிக் கொடுன்னாங்க. 1970-இல் அதே உச்ச நீதிமன்றம் சரின்னுடுச்சு. பூங்கா போய் அங்கே கடை வளாகம் வந்தது. மரத்தைக் காப்பாத்தணும், புல்லைக் காப்பாத்தணும்னு அப்போ யாருக்கும் தோணலை போல.

இப்போ தூக்கத்துக்கு வருவோம். இதில்தான் எனக்குக் கோபமே.

1980-களில் அமெரிக்காவில் வீடில்லாதவங்க எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிய ஏறியது. அதைக் காட்டுறதுக்காக ஒரு அமைப்பு வெள்ளை மாளிகைக்கு எதிரே இருக்கிற லஃபாயெட் பூங்காவில் கூடாரம் போட்டு, குளிர்காலத்தில் அங்கேயே தூங்கிப் போராடுறோம்னு அனுமதி கேட்டது. பூங்காத் துறை என்ன சொன்னது தெரியுமா? கூடாரம் போட்டுக்கோ, தூங்காதே! 1984-இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் இதைச் சரின்னது. பூங்காவின் அழகைக் காக்கிறது அரசின் நியாயமான அக்கறையாம். விடிய விடிய கூடாரத்துக்குள்ள கண்ணை முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தால் அழகு கெடாது, கண் அசந்தால் கெட்டுடும்.

2011-இல் வால் ஸ்ட்ரீட் போராட்டக்காரங்க ஜுக்கோட்டி பூங்காவைப் பிடித்ததில் ஒரு வேடிக்கை இருக்கு. நகராட்சிப் பூங்காக்களை ராத்திரி மூடிடுவாங்க. ஜுக்கோட்டி தனியாருக்குச் சொந்தமானது. கட்டடம் கட்ட நகராட்சி கொடுத்த சலுகைக்குப் பதிலா, 24 மணி நேரமும் மக்களுக்குத் திறந்து வைக்கணும்னு நிபந்தனை. ஆக, பொதுப் பூங்காவில் கிடைக்காத பொது உரிமை தனியார் இடத்தில் கிடைத்தது! ரெண்டு மாசம். நவம்பர் 15 விடியறதுக்குள் போலீஸ் வந்து காலி பண்ணிடுச்சு.

கடைசியா 2024. ஓரிகன் மாநிலத்தில் கிராண்ட்ஸ் பாஸ் என்ற சின்ன ஊர். நாற்பதாயிரம் பேருக்குள்தான் மக்கள்தொகை. பூங்காவில் போர்வை விரித்துப் படுத்தாலே முகாம் போட்ட குற்றம், அபராதம் 295 டாலர். திரும்பச் செய்தால் பூங்காவுக்குள்ளயே வரக்கூடாதுன்னு உத்தரவு, அதையும் மீறினால் ஜெயில். படுக்க வீடில்லாதவன் 295 டாலருக்கு எங்கே போவான்? உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூணு என்று இந்தச் சட்டம் செல்லும்னு சொன்னது. தூங்குறது உடம்பின் தேவை, அதைக் குற்றமாக்கலாமான்னு நீதிபதி சோட்டோமேயர் மாறுபட்டு எழுதினார். நான் அவர் கட்சி.

உடனே ஒருத்தர் வருவார், "சரி சார், உங்க வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் ஊசியும் பாட்டிலும் கிடந்தால் இப்படிப் பேசுவீங்களா"ன்னு. நியாயமான கேள்விதான். 1988-இல் நியூயார்க்கின் டாம்ப்கின்ஸ் சதுக்கத்தில் ராத்திரி ஒரு மணிக்குப் பூங்காவை மூடணும்னு விதி வந்ததே அக்கம்பக்கத்துக்காரங்களில் ஒரு பகுதி தொந்தரவு தாங்காமல் கேட்டதால்தான். குழந்தையைக் கூட்டிக்கிட்டு வர்ற அம்மாவுக்கு, பயமில்லாம நடக்கணும்னு நினைக்கிற பெரியவருக்குப் பூங்கா வேணும். விதியே கூடாதுன்னு நான் சொல்லலை. பாட்டிலை உடைத்தால் அபராதம் போடு, அடுத்தவனைத் தொந்தரவு செய்தால் பிடி. அது செய்கைக்குத் தண்டனை. படுத்திருக்கிறது, கும்பலா நிற்கிறது, வேலையில்லாம உட்கார்ந்திருக்கிறது, இதுக்கெல்லாம் தண்டனைன்னா அது ஆளுக்குத் தண்டனை. அந்த டாம்ப்கின்ஸ் விதியை அமல்படுத்தப் போன போலீஸ், அன்னைக்கு ராத்திரி வழியில் போனவங்களையும் சேர்த்துத் தடியால் அடித்தது. அதே சதுக்கத்தில் 1874 ஜனவரியில் வேலையில்லாதவங்க கூட்டத்துக்குக் கொடுத்த அனுமதியை முந்தின நாள் ரத்து செய்துட்டு, அது தெரியாம வந்து நின்ன ஆயிரக்கணக்கான பேர் மேல குதிரைப் போலீசை ஏவினாங்க. நூத்திப் பதினாலு வருஷம், ஒரே சதுக்கம்.

நம்ம ஊர்க் கதையும் தூரமில்லை. தமிழ்நாட்டில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளுக்கு 1959-இலேயே ஒரு சட்டம் போட்டாச்சு. பேரிலேயே பாதுகாத்தல், ஒழுங்குபடுத்துதல்னு ரெண்டும் இருக்கு. பூங்காவை மனை போடுறவங்க கிட்டேருந்து காப்பாத்துறது முதல் வேலை, நல்ல வேலை. ரெண்டாவது வேலையில்தான் கை சுறுசுறுப்பா ஓடும். மெரினா பூங்கா இல்லை, கடற்கரை. ஆனாலும் 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக அங்கே நாள் கணக்கில் உட்கார்ந்திருந்த கூட்டத்தை 23-ஆம் தேதி போலீஸ் எப்படி அகற்றியதுன்னு பார்த்தோம். 2018-இல் விவசாயிகள் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணுவுக்கு ஒரே ஒரு நாள் போராட்டத்துக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அனுமதி கொடுத்தார். அரசு மேல்முறையீடு செய்தது, இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்தது. காற்று வாங்க வர்றவங்களுக்குத் தொந்தரவாம். திலகர் பேரை வெச்சு சுதந்திரப் போராட்டக் கூட்டம் நடத்தின அதே மணல்.

மக்களே, உங்களுக்கு ஒரு வேலை. பக்கத்தில் இருக்கிற பூங்காவுக்குப் போனால் வாசல் போர்டைப் படிங்க. என்னென்ன கூடாதுன்னு எழுதியிருக்கு, அதுக்குக் கீழே எந்தச் சட்டம், எந்தப் பிரிவுன்னு ஏதாவது போட்டிருக்கா, இல்லை வெறுமனே "மீறினால் நடவடிக்கை" மட்டும்தானான்னு பார்த்துப் பின்னூட்டத்தில் சொல்லுங்க. வெளிநாட்டுப் பதிவர்களும் சொல்லலாம். முடிந்தால் பெஞ்சு நடுவில் இரும்புக் கைப்பிடி வெச்சிருக்காங்களான்னும் பார்த்துட்டு வாங்க. அது கை வைக்கிறதுக்கு இல்லை, யாரும் நீட்டிப் படுக்காம இருக்கிறதுக்கு.